நண்பகல் நாழிகை யாருக்குரியது?

கல்வியின் சிறப்பைப் பற்றி நாம் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. ஆயினும் அக்கல்வியை யாருடைய நேரத்தில் கற்பிப்பது என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. கற்பிப்பவர் ஆயத்தமாக இருந்தால் போதும், கேட்பவர் வந்து அமர வேண்டியவரே என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதற்கு ஏற்றதொரு நிகழ்ச்சி இன்று நம் கண்முன் இருக்கிறது.

அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெரிய கடைகளிலும் நண்பகல் உணவு வேளையில் சிறு கல்வி அமர்வுகள் நடத்தும் வழக்கம் இக்காலத்தில் பரவியிருக்கிறது. வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொண்டு வரும் பழுப்பு நிறக் காகிதப் பையின் பெயராலேயே அமெரிக்க நாட்டார் இக்கூட்டங்களை அழைப்பர். உணவுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல, மற்றவர்கள் உண்டவாறே கேட்பார்கள். கணினி நிலையத்தில் புதியதொரு முறையைப் பற்றி ஒருவர் விளக்குவார். மருத்துவமனையில் அரியதொரு நோயைப் பற்றி ஒருவர் சொல்வார். நம்மவர் நடத்தும் சில கடைகளில் லுஹர் தொழுகைக்குப் பின் கால் மணி நேரம் மார்க்க விளக்கம் நடைபெறும். இங்கே தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்கிறார், அவ்வளவே.

பார்வைக்கு இதைவிட நல்ல வழக்கம் வேறொன்று இருக்க முடியாது. ஆனால் காலையிலிருந்து உழைத்தவன் உண்ணவும் தொழவும் சற்றே கண்ணயரவும் அவனுக்கென்று விடப்பட்ட நாழிகை அது. அந்த நாழிகைக்கு உரியவர் யார்? கூலி கொடுக்கும் முதலாளியா, களைத்துப்போன உடலா, அல்லது கற்றல் என்னும் கடமையா? மூவரும் உரிமை கோரும்போது நீதி எப்பக்கம் சாய்கிறது?

நண்பகலின் கண்ணியம்

திருமறையின் அந்நூர் அத்தியாயத்து 58ஆம் வசனத்தை ஓதிய நேயர்கள், அதில் மூன்று வேளைகள் தனியே குறிக்கப்பட்டிருப்பதை அறிவார்கள். வைகறைத் தொழுகைக்கு முன்னர் ஒன்று. இஷாத் தொழுகைக்குப் பின்னர் ஒன்று. இடையே, மனிதர் தம் ஆடையைக் களைந்து ஓய்ந்திருக்கும் நண்பகல் வேளை ஒன்று. வீட்டில் எந்நேரமும் வந்து போகும் ஏவலர்களும் பருவமடையாப் பிள்ளைகளுங்கூட இம்மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்பது அவ்வசனத்தின் ஆணை. இரவின் தனிமைக்கு நிகராக நண்பகலின் தனிமையும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வேளையில் நுழைவதற்கு அனுமதி தேவை என்பதை நம் ஆராய்ச்சியின் முதற்படியாகக் கொள்வோம்.

மதீனத்து வாழ்க்கையிலும் இது வேரூன்றியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னரே தாங்கள் பகலுணவு உண்டு, கைலூலா என்னும் நண்பகல் உறக்கம் கொள்வது வழக்கம் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆவுக்காக உணவும் உறக்கமும் பிற்படுத்தப்பட்டனவேயன்றி நீக்கப்படவில்லை. வணக்கத்தின் பொருட்டுங்கூட நண்பகல் ஓய்வு அடியோடு பறிக்கப்படவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

உலகச் சட்டங்களும் காலந்தாழ்த்தியேனும் இவ்விடத்திற்கு வந்து சேர்ந்தன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரை மணியேனும் இடைவேளை விடாமல் ஒரு தொழிலாளியிடம் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வகுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடைக் காலத்து நண்பகல் வெயிலில் திறந்த வெளி வேலையைத் தடுக்கும் விதி 2005இல் தொடங்கியது. இன்று அது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை செல்லும். நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்று கட்டட வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டால், அந்த இரண்டரை மணியின் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

எட்டும் பத்தும்

கூலிக்கு உழைப்பவரைப் பற்றிப் பிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. குறித்த நேரத்திற்குத் தம்மை ஒருவரிடம் ஒப்படைத்தவரை ‘அஜீர் காஸ்’ என்பர். அந்த நேரத்திற்குள் அவர் தம் சொந்த வேலையைப் பார்த்தால் அமானத்துக்குக் கேடு செய்தவராகிறார். ஒப்பந்தத்தில் சேராத நேரத்திலோ அவர் யாருக்கும் கடன்பட்டவரல்லர். வழக்கத்தில் ஊன்றிய ஒன்று வாய்விட்டுப் பேசி முடித்த நிபந்தனைக்கு ஒப்பாகும் என்னும் சட்ட விதி, உணவு இடைவேளைக்கும் பொருந்தும். எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது தொழிலாளிக்குரியதே.

இதனை விளக்க, அல்கஸஸ் அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. மத்யன் நகரத்துப் பெரியவர் தம் மகளை அவர்களுக்கு மணமுடித்துத் தர இசைந்து, ஈடாக எட்டு ஆண்டுகள் தமக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் பக்கத்திலிருந்து வருவது என்கிறார். உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மூஸா (அலை) அவர்களோ, இரண்டு தவணைகளில் எதனை நிறைவேற்றினாலும் தம்மீது குறை சொல்லுதல் ஆகாது என்று உறுதி பெற்றுக்கொள்கிறார்கள்.

இவ்வுரையாடலை நாம் கதையாகக் கேட்டுவிட்டுக் கடந்து போகிறோம். வேலை கொடுப்போரும் வேலை செய்வோரும் இதனைச் சட்டமிட்டு மாட்டி வைக்கலாம். எட்டு என்பது கடன். பத்தில் எஞ்சும் இரண்டு கொடை. கடனைக் கேட்டு வாங்கலாம். கொடையையோ கொடுப்பவர் மனமுவந்து தர வேண்டும். தராவிட்டால் முகஞ்சுளிக்கவும் கூடாது. நண்பகல் நாழிகையில் ஒரு தொழிலாளி பாடம் கேட்க வந்து அமர்வாரானால், அவர் தருவது அந்த இரண்டு ஆண்டுகளின் இனத்தைச் சேர்ந்தது.

கல்வி கடமையன்றோ?

இங்கே ஒரு தடை எழும். கல்வி தேடுதல் ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்க, அக்கடமைக்கு அழைப்பதற்கு அனுமதி எதற்கு? உறங்குபவனை எழுப்பித் தொழச் சொல்வது தவறாகுமா?

தடை வலிவுள்ளதே. வேலைத்தலத்தில் கற்பது நம் மரபுக்குப் புதியதுமன்று. மார்க்க விளக்கம் பெற்றவரையன்றி வேறெவரும் நம் சந்தையில் விற்பனை செய்யலாகாது என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டதைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் பட்டுத்துணி வணிகராகவே வாழ்ந்தவர்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அக்குறையை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வணிகரைக் கேட்டு, ஏமாற்றுதலைக் கண்டித்தது சந்தையின் நடுவிலேதான். ஆகவே கடைத்தெரு கல்விக்கு ஒவ்வாத இடம் என்று யாரும் சொல்வதற்கில்லை.

ஆனால் கடமை என்பது கற்பவரின் மீது இருக்கிறது. அதனைக் காட்டி அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை பிறருக்கு வந்துவிடாது. ஜகாத் கொடுப்பது ஒருவர் மீது கடமையாக இருப்பதால், வழியிற் போகும் எவரும் அவர் சட்டைப்பையில் கைவிட முடியுமா? உழைப்பவர் கற்பதற்குரிய வழியையும் நம் முன்னோர் காட்டியே சென்றனர். மதீனாவின் மேட்டுப் பகுதியில் வாழ்ந்த உமர் (ரலி) அவர்களும் அவர்களுடைய அன்ஸாரி அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் பெருமானாரின் அவைக்குச் சென்று அன்றைய செய்தியைக் கொண்டு வருவார். மறுநாள் மற்றவர் செல்வார். செல்லாதவர் தம் பிழைப்பைப் பார்ப்பார். பிழைப்பை விட்டுவிட்டு நாள்தோறும் வந்து அமருமாறு அவர்களை யாரும் கடிந்ததாக வரலாறு இல்லை. அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் இறுதி வசனமோ, நோயாளிகளையும், இறையருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரையும் எண்ணிப் பார்த்து, இரவு வணக்கத்தையே இலேசாக்கித் தருகிறது. படைத்தவன் தன் வணக்கத்தில் காட்டிய சலுகையை, பாடம் சொல்லும் நாம் நம் பாடத்தில் காட்ட மறுக்கலாமா?

வெட்கம் என்னும் சாட்டை

கட்டாயம் என்பது எப்போதும் கட்டாயத்தின் உடையில் வருவதில்லை. விருப்பமுள்ளோர் வரலாம் என்றுதான் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் முதலாளி முன் வரிசையில் அமர்ந்து யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அந்த விருப்பத்தின் பொருள் என்ன? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) இஹ்யாவு உலூமித்தீனில் இதனை ஆழ்ந்து நோக்கியிருக்கிறார்கள். சபை நடுவே ஒருவரிடம் பொருள் கேட்கப்படுகிறது. மனம் இசையாவிட்டாலும் மக்கள் என்ன நினைப்பார்களோ என்னும் வெட்கத்தால் அவர் கொடுத்துவிடுகிறார். இவ்வாறு பெற்றதற்கும் சாட்டையால் அடித்துப் பறித்ததற்கும் வேறுபாடில்லை. ஒன்று உடலின் மீது விழுந்த அடி, மற்றொன்று உள்ளத்தின் மீது விழுந்த அடி என்பது அவர்களின் கருத்து. பொருளுக்குச் சொன்னது நேரத்திற்கும் பொருந்துமன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய துணிக்கடையில் வாரம் ஒரு நாள் நண்பகலில் மார்க்க விளக்கம் தருமாறு அழைக்கப்பெற்றுச் சென்று வந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வருகையைக் குறித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் முதிய பணியாளர் ஒருவர் அமர்ந்ததும் உறங்கிவிடுவார். கடை உரிமையாளர் ஒரு நாள் அவரை என் முன்னிலையிலேயே கடிந்துகொண்டார். அம்முதியவர் என்னைப் பார்த்து, “ஹஜ்ரத், பாடத்தை அவமதிக்கவில்லை. காலையிலிருந்து நான் உட்காருவதே இப்போதுதான். உட்கார்ந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது” என்றார்.

கடைப் பணியாளர்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்னும் கொடுமை நம் நாட்டில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும் சட்டத்தைத் திருத்திப் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த மனிதரிடம், உட்கார்ந்த அந்த நாழிகையில் விழிப்பையும் கேட்பது எவ்வகை நீதி?

வருகைப் பட்டியல் வேண்டாம் என்று கடை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டேன். அவரும் இசைந்தார். அடுத்த வாரம் நாற்பது பேர் பதினொருவராயினர். “பார்த்தீர்களா ஹஜ்ரத், விட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்” என்றார் அவர். அந்தப் பதினொருவரில் ஓர் இளைஞர்தாம், நாற்பது பேர் இருந்தபோது யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். “சாயம் போகுமா என்று துணி வாங்குபவர் கேட்கிறார். போகும் என்று எனக்குத் தெரியும். போகாது என்று சொல்லும்படி மேலிடத்து உத்தரவு. நான் என்ன செய்ய?”

அறிந்த குறையை மறைத்து விற்பது கூடாது. படைத்தவனுக்கு மாறு செய்து படைப்பினத்துக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்னும் மார்க்கச் சட்டத்தைச் சொன்னேன். அந்தச் சுமையை அவ்விளைஞரின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு வருவது முறையன்று ஆதலால், உரிமையாளரிடமும் அதனையே நேரிற் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. ஆயினும் பாடத்தை நிறுத்தவுமில்லை. அவ்வளவில் அவர் பாராட்டுக்குரியவரே. வேலைத்தலத்துக் கல்விக்கு உரைகல் இதுதான் என்று கருதுகிறேன். வருகைப் பட்டியல் வைத்துக் கூட்டிய அவையில் இக்கேள்வி பிறக்காது. தம் காலால் நடந்து வந்தவரே தம் வாயால் கேட்பார். அப்படி ஒரு கேள்வியைத் தாங்க முடியாத பாடம், பணியாளரை அடக்கி வைப்பதற்கான உபாயமாக மட்டுமே எஞ்சும்.

அழைத்துக் கேட்ட கல்வி

உழைப்பாளிகள் தாமாக அழைத்துக் கேட்ட கல்விக்கு உலக வரலாற்றில் அழகிய சான்றுகள் உண்டு. கியூபா நாட்டின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் ஒரு வழக்கம் தோன்றியது. சுருட்டுச் சுற்றுவோர் தம் கூலியிலிருந்து ஆளுக்குச் சிறிது கொடுத்து, தமக்கு நூல்களையும் செய்தித்தாள்களையும் உரக்கப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்திக்கொண்டார்கள். எதைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஆட்சியாளர் அஞ்சி மறு ஆண்டே தடை விதித்தனர். ஆயினும் அவ்வழக்கம் அழியாமல் பின்னர் தழைத்தது. நம் அண்டை மாநிலத்துக் கண்ணூரிலும் பீடித் தொழிலாளரிடையே இவ்வழக்கம் இருந்தது. 1969இல் அமைந்த தினேஷ் பீடிக் கூட்டுறவு நிலையங்களிலும் அது தொடர்ந்தது. ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றுவார்கள். படிப்பவர் சுற்ற வேண்டிய பீடியைத் தோழர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள்.

அங்கே கை உழைத்தது; காது கற்றது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர் ஆதலால் நேரமும் அவர்களுடையதாகவே இருந்தது. கற்பிப்பவருக்கு அவர்கள் செய்த மரியாதையைப் பாருங்கள்! அவருடைய நேரத்தின் விலையைத் தம் விரல்களால் அவர்கள் கொடுத்தார்கள். கேட்பவரின் நேரத்தை அதுபோல் மதிக்கும் கடமை சொல்பவருக்கும் உண்டு.

பெண்மக்களின் நிலையைத் தனியே சொல்லியாக வேண்டும். வைகறையில் ஓர் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்கு வந்து, மாலையில் மற்றோர் அடுப்பை மூட்டப் போகும் பெண்ணுக்கு, நாள் முழுவதிலும் தனக்கென்று கிடைப்பது அந்த நண்பகல் அரை மணி மட்டுமே. பெருமானார் (ஸல்) அவர்களிடம் பெண்கள் சென்று, ஆடவர் தங்களை முந்திக்கொண்டுவிட்டதால் தங்களுக்கென்று ஒரு நாளைக் குறித்தருள வேண்டினர். அண்ணலாரும் அவ்வாறே குறித்து, அவர்களிடம் சென்று போதித்தார்கள். கேட்டவர்கள் பெண்கள், நாளை அமைத்துக்கொண்டு சென்றவர்கள் நாயகம். நம் காலத்தில் நாள், நேரம், பொருள் அனைத்தையும் ஆடவர் முடிவு செய்துவிட்டுப் பெண்கள் வரவில்லையே என்று குறைப்படுகிறோம்.

அவை நடத்தும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து சில ஒழுங்குகள் தாமாகவே விளைகின்றன.

முதலாவது, உணவு முந்த வேண்டும். உணவு வைக்கப்பட்டு, தொழுகைக்கு இகாமத்தும் சொல்லப்பட்டால் உணவை முதலில் முடித்துக்கொள்ளுமாறு நபிமொழி பணிக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் இமாம் ஓதும் ஒலி காதில் விழுந்தபோதும் உணவை முடித்தே எழுவார்கள். தொழுகையே உணவுக்காகச் சற்றுப் பொறுக்குமானால், நம் சொற்பொழிவு பொறுக்காதா?

இரண்டாவது, பாடம் சுருங்கியதாகவும் இடைவெளி விட்டதாகவும் இருக்க வேண்டும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மட்டுமே போதித்து வந்தார்கள். நாள்தோறும் சொல்லலாகாதா என்று ஒருவர் ஆவலோடு கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்வதை நான் விரும்பவில்லை. பெருமானாரும் எங்களுக்குச் சலிப்பு நேருமோ என்று அஞ்சி நேரம் பார்த்தே போதித்தார்கள் என்று விடையிறுத்தார்கள். கேட்பவர் இன்னும் வேண்டும் என்று எண்ணும்போதே நிறுத்துவது கற்பிப்போருக்கு அழகு.

மூன்றாவது, யாருடைய நலத்துக்கான பாடமோ அவருடைய நேரத்தில் அது நடைபெற வேண்டும். புதிய இயந்திரத்தை இயக்கவும், நிறுவனத்தின் கணக்கை எழுதவும் கற்பிப்பதாயின், அது வேலையின் ஒரு பகுதி. அதனைக் கூலிக்குரிய நேரத்தில் நடத்துவதே நேர்மை. உணவு வேளையில் நடத்துவது கூலியில்லா வேலை வாங்குவதாகும். தொழிலாளி தமக்கென்று விரும்பிக் கற்பதாயின், அது அவருடைய நேரத்தில் நடக்கட்டும். முதலாளி இடமும் பாயும் தண்ணீரும் தந்து நன்மையில் பங்கு பெறட்டும்.

நான்காவது, இந்த நீதி மறுபக்கமும் செல்லும். ஒன்றரை மணிக்கு முடிய வேண்டிய பாடம் ஒன்றேமுக்கால் வரை நீண்டால், அந்தக் கால் மணி முதலாளியின் பொருள். நல்ல பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் அமானத்து இலேசாகிவிடாது. வெளியே வாடிக்கையாளர் காத்திருக்க உள்ளே நன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அந்நன்மைக்கே முரண்.

ஐந்தாவது, வேலைத்தலத்தில் நம்மோடு பிற சமயத்துச் சகோதரர்களும் உழைக்கிறார்கள். நிறை, அளவு, கடன், வாக்குறுதி, உடல்நலம் போன்ற பொதுவான பொருள்கள் பேசப்படும்போது அவர்களும் வந்து அமரவும் சொல்லவும் இடமிருக்க வேண்டும். கணக்கரைவிடக் கதவுக் காவலருக்கு நன்கு தெரிந்த செய்திகளும் உலகில் உண்டு. உணவு வட்டத்தில் மேசையும் பதவியும் இல்லாமையே இத்தகைய அவைக்குள்ள தனிச் சிறப்பு.

இவ்வளவும் கேட்டபின், அப்படியானால் உறங்குவோரை உறங்கவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று சிலர் வினவக்கூடும். அன்று! கல்வியின் வாயிலை வாரந்தோறும் திறந்து வைக்க வேண்டும். மூன்று பேர் வந்தாலும் முகமலர்ச்சியோடு சொல்ல வேண்டும். வராதவருக்கும் ஸலாம் சொல்லி அவரவர் ஓய்வில் விட்டுவிட வேண்டும். உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்னும் ஸல்மான் (ரலி) அவர்களின் அறிவுரையை அண்ணலாரே மெய்யென ஏற்றருளினார்கள். அந்த உரிமையை நிறைவேற்றி உறங்குபவரும் ஒரு கடமையைச் செய்கிறவரே.

வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்பெறும் அல்கஹ்ஃபு அத்தியாயத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மத்யனில் கூலிக்கு உழைத்த அதே மூஸா (அலை) அவர்கள், அங்கே கல்வியைத் தேடிப் புறப்படுகிறார்கள். நடந்து களைத்த நிலையில், பயணத்தால் சோர்ந்துவிட்டோம், நம் பகலுணவைக் கொண்டு வாரும் என்று தம் இளைஞரிடம் சொல்கிறார்கள். அந்த உணவை நாடியபோதுதான் மீன் தவறிப்போன செய்தி வெளிப்படுகிறது. அந்த அடையாளத்தைக் கொண்டே ஆசானின் இருப்பிடமும் தெரிகிறது. ஆசானைக் கண்டதும், நான் தங்களைப் பின்தொடரலாமா என்று அனுமதி கேட்டே அவர்கள் பாடத்தைத் தொடங்குகிறார்கள். களைப்பை மறைக்காத அந்தப் பயணத்தில் பகலுணவே கல்விக்கு வழிகாட்டியது. நம் வேலைத்தலங்களிலும் உணவும் ஓய்வும் கல்வியும் ஒன்றையொன்று பறிக்காமல் அவ்வாறே வழிகாட்டி நிற்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.